கெய்தர் அடித்த ஹாரன்

தாடியஸ் கெய்தர் பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டி ஒரு தடவைகூட ஹாரன் அடித்ததில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வாஷிங்டனில், அதுவும் சாயங்காலம் அரசாங்க அலுவலகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆட்களை வெளியே கொட்டும்போது, ஹாரனைத் தொடாமல் பஸ் ஓட்டுவது என்பது வாயைத் திறக்காமல் சந்தைக்குப் போய்வருகிற மாதிரி. கெய்தர் போய்வந்தார். எவனாவது குறுக்கே காரை நிறுத்தினால் பிரேக்கை மெல்ல மிதித்துக் காத்திருப்பார். ரொம்ப நேரமானால் பக்கத்து ஜன்னலைத் தள்ளித் தலையை நீட்டி, "ஐயா, கொஞ்சம் தயவு பண்ணுங்க" என்பார். அநேகமாக நகர்வார்கள். நகராதவர்களும் உண்டு; அவர்களுக்காகவும் காத்திருந்தார்.

டிப்போவில் அவரை 'ஊமை' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் அவருக்குப் பேச்சில்லாத வேலைதான். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, வருகிறவர்களைக் கையசைவாலேயே உட்காரவைப்பார். இரண்டு விரல் என்றால் இரண்டு இடம் காலி. நெஞ்சில் கை என்றால் ஜெபம் முடியட்டும், நில். அந்தக் கைக்கு ஊரே கட்டுப்பட்டது.

இந்த அமைதியைப் பார்த்து எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்றார்கள். எனக்கு அந்தப் பட்டத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில், பஸ் கம்பெனி கறுப்பு ஆட்களை டிரைவராக எடுக்கத் தொடங்கியபோது சேர்ந்தவர்களில் அவர் ஒருவர். முப்பத்துநான்கு வயது. போரில் ராணுவ லாரி ஓட்டி, ஆசை தீர ஹாரன் அடித்துவிட்டு வந்த கை. பயிற்சி கொடுத்த பர்சல் என்ற ஆள் பஸ்ஸின் ஸ்டியரிங் நடுவில் இருந்த வட்டமான பொத்தானை விரலால் தட்டிக் காட்டி, "இது தெரியுதா பையா? என்னிக்கு நீ ஒரு வெள்ளைக்காரன் காரைப் பாத்து இதை அமுக்குறியோ, அன்னிக்கு உன் வேலை போச்சு. வேலை மட்டும் போனா உன் அதிர்ஷ்டம்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். முன்னால் போகிற காரில் இருப்பவன் கறுப்பனா வெள்ளையனா என்று பின்னாலிருந்து எப்போதும் தெரிவதில்லை. அதனால் கெய்தர் ஒரேயடியாகக் கையை எடுத்துவிட்டார்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி ஆர்டீலியாவிடம்கூட. பர்சல் ஓய்வுபெற்றுப் போய்ப் பல காலமாகிவிட்டது. கறுப்பு டிரைவர்கள் நூற்றுக்கணக்கில் வந்து, உரிமையோடு ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். கெய்தரின் கை மட்டும் அந்தப் பொத்தானைச் சுற்றியே பழகிவிட்டது.

பழகிப்போனதில் ஒரு சுகமும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஹாரன் இல்லாமல் ஓட்டுகிறவனுக்கு அவசரம் இல்லை. நெரிசலில் பஸ் நிற்கும், கொஞ்சம் மிதக்கும், மறுபடி நிற்கும். பெரிய முன்கண்ணாடியில் சாயங்கால வெயில் மஞ்சளாகப் படரும். பின்னால் பயணிகளின் பேச்சு தூரத்தில் ஓடும் தண்ணீர் மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். கெய்தர் பாதி விழிப்பிலும் பாதி வேறெங்கோவுமாக இருப்பார். வேறெங்கே என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஒருவேளை வண்டி கடைசி நிறுத்தத்தில் திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று நினைப்பார். யாரும் இறங்கச் சொல்லமாட்டார்கள், யாருக்கும் வீட்டு நினைப்பு வராது, வெயிலும் குறையாது. அப்புறம் யாராவது மணிக்கயிற்றை இழுப்பார்கள். இறக்கிவிடுவார்.

எழுபத்துமூன்றாம் வருஷம் கோடையிலிருந்தே ஊர் ஒரு பேச்சாகக் கிடந்தது. ஜனாதிபதி தன் அறையில் பேசியதையெல்லாம் தானே டேப்பில் பதிந்து வைத்திருக்கிறார் என்பது வெளியே வந்துவிட்டது. எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்த வழக்கை விசாரிக்கிறவர்கள் அந்த டேப்பைத் தரச்சொன்னார்கள். தரமுடியாது, என் அறையில் நடந்த பேச்சை மூடிவைப்பது என் பதவிக்கு உள்ள உரிமை என்றார் அவர். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, டேப்பை விடாப்பிடியாகக் கேட்ட வழக்கறிஞரையே வேலையைவிட்டுத் தூக்கினார்கள். அடுத்த வேலைநாளில் பஸ்ஸில் ஏறியவர்கள் முகமே வேறாக இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்து இருபது வருஷம் முகம் பார்க்காமல் பயணம் செய்தவர்கள் பேசிக்கொண்டார்கள். பதவி நீக்க விசாரணை என்ற வார்த்தை ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி இறங்கியது.

அந்த வண்டியின் ராணி வெர்லீன் சக்ஸ். ஏதோ ஒரு அரசாங்க அலுவலகத்தில் துப்புரவு வேலை. டிரைவருக்குப் பின்னாலிருக்கும் முதல் இருக்கை அவளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. கெய்தர் பதில் சொல்லமாட்டார் என்று தெரிந்தே அவரோடு தினமும் சண்டை போடுவாள். ஜனாதிபதி டேப்பைக் கொடுக்கணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க மிஸ்டர் கெய்தர் என்று அன்றைக்கு வாயைப் பிடுங்கினாள். அதிசயமாக அவர் பதில் சொன்னார்.

"ஒரு மனுஷன் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினத அடுத்தவன் கேக்கணும்னு என்ன இருக்கு, மிஸஸ் சக்ஸ்? மனசுல இருக்கறது அவனவனுக்குச் சொந்தம்."

பஸ்ஸில் நாலாபக்கமும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு நாள் வாயைத் திறக்காதவர், திறந்ததும் அந்த ஆளுக்காகவா என்று வெர்லீன் இரண்டு நாள் அவரோடு பேசாமல் வந்தாள். கெய்தர் ஜனாதிபதிக்காகப் பேசவில்லை. அந்த ஆளுக்கு அவர் ஓட்டுப் போட்டதும் இல்லை. சாத்திய கதவு என்றால் அவருக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

அதே வாரம் வெள்ளை மாளிகைக்கு எதிரே நடைபாதையில் ஆட்கள் அட்டை பிடித்து நிற்க ஆரம்பித்தார்கள். 'பதவி நீக்கம் வேண்டுமா? ஹாரன் அடி' என்று எழுதியிருந்தது. அடித்தார்கள் பாருங்கள். டாக்சி, பால் வண்டி, ரொட்டி வண்டி, பெரிய மனிதர்களின் நீளக் கார், எல்லாம் அடித்தன. மூன்று தெரு தள்ளி வரும்போதே அந்தச் சத்தம் பஸ் கண்ணாடிக்குள் வந்துவிடும். கிட்டே வரவர, தனித்தனி ஹாரன்கள் கரைந்து ஒரே முழக்கமாகித் தெருவே முனகுகிற மாதிரி இருக்கும். கெய்தருக்கு அது பிடித்திருந்தது. அதற்குள் வண்டியை விட்டு, மெல்ல நகர்ந்து, மறுபக்கம் வெளியே வருவதற்கு அவர் தினமும் காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

கம்பெனிக்கு மூக்கு வேர்த்தது. டிப்போ பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். அட்டையைப் பார்த்து ஹாரன் அடிக்கும் டிரைவர் அரசியல் செய்ததாகக் கொள்ளப்பட்டு வேலைநீக்கம் செய்யப்படுவார். கீழே கையெழுத்து, கண்காணிப்பாளர் ஹேக்மன். படித்த டிரைவர்கள் எல்லோரும் திரும்பிக் கெய்தரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊமைக்கு இந்த அறிவிப்பு எதற்கு?

அடுத்த வாரம் வியாழக்கிழமை, நாலேகால் மணி இருக்கும். ஓக் மரங்களிலிருந்து இலை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. சிக்னலில் நெரிசல். கெய்தரின் பஸ் முதல் வண்டியாக, அட்டைக்காரர்களுக்கு நேர் எதிரே வந்து நின்றது. சுற்றிலும் ஹாரன். வெயில் கண்ணாடியில் பட்டுக் கண் கூசியது. அவர் பாதி மூடிய கண்ணோடு ஸ்டியரிங்கில் கை வைத்திருந்தார். முன்னால் கார் இல்லை, ஆள் இல்லை, ஒரு புறாகூட இல்லை.

மற்றவர்களுடைய பஸ்களின் ஹாரனைப் பதினெட்டு வருஷமாகக் கேட்டிருக்கிறார். காலையில் வண்டியைச் சோதிக்கும் மெக்கானிக் அமுக்கிப் பார்ப்பதையும் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து கேட்டிருக்கிறார். இந்த இருக்கையில் உட்கார்ந்து, தன் கையால் அமுக்கினால் எப்படி இருக்கும் என்று அந்த நொடியில் தோன்றியது. அதற்கு முன் தோன்றியதே இல்லையா என்று கேட்டால், தோன்றியிருந்தால் அவர் இவ்வளவு நாள் ஓட்டியிருக்கமுடியாது. உள்ளங்கை தானாக நடுவுக்குப் போனது. அமுக்கினார்.

அவர் நினைத்ததைவிடக் கனத்த குரல். இரண்டு சுருதி சேர்ந்து ஒலித்தது. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு அதிர்வு ஏறியது. எடுக்கத் தோன்றவில்லை. ரொம்ப நேரம் அமுக்கினார். எடுத்தபோது பஸ்ஸுக்குள் கூச்சலும் கைதட்டலும். அட்டைக்காரப் பெண் ஒருத்தி தெருவில் துள்ளினாள். வெர்லீன் சக்ஸ் எழுந்து நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். சிக்னல் பச்சையானது. கெய்தர் வண்டியை எடுத்தார். தன்னைத்தவிர எல்லோருக்கும் எதுவோ புரிந்துவிட்டது என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது.

மூன்றாவது வரிசையில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு மனிதர் கை தட்டவில்லை. பஸ் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு இறங்கினார்.

அடுத்த புதன்கிழமை காலை ஹேக்மனிடமிருந்து அழைப்பு வந்தது. அதற்குள் ஊமை பேசிவிட்டான் என்று டிப்போ முழுக்க அவரைக் கொண்டாடி முடித்திருந்தது. சங்கத்து ஆள் அவரைத் தனியே இழுத்து, வாயைத் திறக்காதே, மனதில் என்ன இருந்தது என்று கேட்க இவர்களுக்கு உரிமை இல்லை, அப்படியே சொல்லிவிடு என்று காதைக் கடித்தார். கெய்தர் தலையாட்டினார். வேலை போனால் என்ன செய்வது என்று நடந்துகொண்டே கணக்குப் போட்டார். ஐம்பத்திரண்டு வயது. வேறு வேலை எதுவும் தெரியாது.

ஹேக்மன் கெட்ட ஆள் இல்லை. கெய்தரைவிடப் பத்து வயது சின்னவர். உட்காரச் சொல்லி, காபி கொடுத்தார். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று புகார். இன்னொன்று வெர்லீன் சக்ஸ் தானாக வந்து எழுதிக்கொடுத்த சாட்சி. பஸ்ஸுக்குக் குறுக்கே சிவப்புத் தொப்பி போட்ட ஒரு குழந்தை ஓடியதாகவும், அதன் பின்னால் ஒரு நாய்க்குட்டி ஓடியதாகவும், டிரைவர் ஹாரன் அடித்து இரண்டு உயிர்களைக் காப்பாற்றியதாகவும் எழுதியிருந்தாள்.

"நாய்க்குட்டிய விட்டுடலாம், கெய்தர்" என்றார் ஹேக்மன். "குழந்தை போதும். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இங்க எழுதி மூடிடறேன். குழந்தை இல்லைன்னா அரசியல்னு எழுதணும். அப்ப என் கையில ஒண்ணும் இல்ல. எனக்கு உங்கள அனுப்ப இஷ்டமில்ல."

சங்கத்து ஆள் சொன்னபடி, கெய்தர் அதைச் சொல்ல விரும்பவில்லை என்றார். அது தன் மனதுக்குள் நடந்தது என்றார்.

சொன்ன வார்த்தை அவர் காதிலேயே வந்து விழுந்தது. கோடை முழுக்க ரேடியோவில் கேட்ட அதே பேச்சு. அதைத் தன் வாயில் கேட்டதும் அவருக்குக் கூசியது. அந்த மாளிகைக்காரர் தன் கதவைத் தானே சாத்திக்கொண்டார், தனக்கு லாபம் என்று சாத்திக்கொண்டார். நான் எப்போது சாத்தினேன்? பர்சல் சாத்திவிட்டுப் போனான். அதை என் கதவு என்றும் என் குணம் என்றும் நினைத்துக்கொண்டு பதினெட்டு வருஷம் காவல் இருந்தேனே என்று நினைத்தபோது அவருக்குக் கோபம் வந்தது. பர்சல் மேல் கொஞ்சம், தன்மேல் நிறைய. காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"குழந்தை இல்லைங்க. அட்டையப் பாத்தும் அடிக்கல. முன்னால யாருமே இல்ல. என் கையால அடிச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு தோணுச்சு. அடிச்சேன்."

ஹேக்மனின் பேனா நின்றுவிட்டது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்கு விளங்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒருதடவைகூடவா அடித்ததில்லை என்று கேட்டார். ஏன் என்று கேட்டார். கெய்தர் சொன்னார். பொத்தானைத் தட்டிய விரல், பையா என்று கூப்பிட்டது, சிரித்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில், குரலை உயர்த்தாமல் சொன்னார். ஹேக்மன் ஆடிப்போனார். ஆனாலும் அவர் கண்காணிப்பாளர்.

"அவர் அப்படிச் சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க. அப்ப யாரும் டேப் போட்டு வைக்கல."

ஹேக்மன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தாளை இழுத்து எழுதினார். காரணமின்றி ஹாரன் அடித்தது. அரசியல் நோக்கம் இல்லை. ஒரு வாரம் தற்காலிக நீக்கம். பதினெட்டு வருஷமாகப் புகாரே இல்லாத பணிப்பதிவு ரத்து, இன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். வழித்தடம் மாற்றம், இனி ஆற்றுக்கு அந்தப்பக்கம். கையெழுத்துப் போடும்போது, குழந்தை என்று சொல்லியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காதே என்று முணுமுணுத்தார். கெய்தரும் ஆமாம் என்றார். வேலை இருந்தது. மற்றதெல்லாம் போனது.

வெளியே வெர்லீன் காத்திருந்தாள். குழந்தை இல்லை என்று அவர் சொல்லிவிட்டதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். போகட்டும், அப்போது பதவி நீக்கத்துக்காகத்தானே அடித்தீர்கள் என்று ஆசையோடு கேட்டாள். அதற்கும் இல்லை என்றார். அவள் முகம் வாடிப்போனது.

"எங்ககிட்டயாவது ஆமான்னு சொல்லக்கூடாதா, மிஸ்டர் கெய்தர்? நான் தேவாலயம் பூரா சொல்லிட்டேன்."

அவர் தொப்பியைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு நடந்தார். பாவம், அவள் தப்பில்லை. ஊரெல்லாம் ஒரே பக்கமாக ஓடும்போது ஒரு மனிதன் வேறெதற்கோ மூச்சு விட்டிருப்பான் என்று யார் நினைப்பார்கள்?

வீட்டுக்கு வந்தபோது உச்சிவெயில். வேலைநாளில் அந்த நேரத்துக்கு அவர் தன் வீட்டைப் பார்த்ததே இல்லை. சமையலறையில் வெளிச்சம் வேறு சுவரில் விழுந்துகொண்டிருந்தது. ஆர்டீலியாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மூன்றரை மணிக்கு வேலை. சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். போகவில்லை, ஒரு வாரம்தான் என்று சொல்லி, அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கீரையும் சோள ரொட்டியும் எடுத்து வைத்தாள். அவர் தொடவில்லை. ஹேக்மனிடம் சொன்னதை இவளிடமும் சொன்னார். அங்கே ஒரே மூச்சில் வந்தது, இங்கே வரவில்லை. பையா என்ற இடத்தில் நின்று, தண்ணீர் குடித்து, மறுபடி சொன்னார்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூடு அறையில் நின்றது.

"பதினெட்டு வருஷம். என்கிட்டகூட சொல்லல நீ."

"சொன்னா தினம் நான் வர்ற வரைக்கும் ஜன்னல்லயே நிப்ப. அதான்."

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா, தாட்?" அவள் மேசைத் துணியின் ஓரத்தை நீவினாள். "கல்யாணமான புதுசுல நீ வாய் ஓயாம பேசுவ. அந்த வேலைக்குப் போனப்புறம்தான் நின்னுபோச்சு. என்கிட்ட பேச ஒண்ணுமில்லாம போச்சு போலன்னு நினைச்சேன். சலிச்சுப்போச்சுன்னு. கேக்க பயமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

பதிவு ரத்தானதுகூடக் கெய்தருக்கு இவ்வளவு வலிக்கவில்லை. ஒருத்தன் ஸ்டியரிங்கில் தட்டிக் காட்டியது அவர் வீட்டுச் சமையலறை வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் அதைத் துளியும் பார்க்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவள் இத்தனை வருஷம் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பயமாக இருந்தது என்றார். தினமும் அந்த இருக்கையில் ஏறும்போது பயமாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்றார்.

அப்புறம் ஹாரனைப் பற்றிச் சொன்னார். எவ்வளவு கனத்த குரல், கையில் எப்படி ஏறியது, எடுக்கவே மனம் வரவில்லை என்று. வெயிலைப் பற்றிச் சொன்னார். கடைசி நிறுத்தத்தில் திரும்பாமல் போய்க்கொண்டே இருக்கும் பஸ்ஸைப் பற்றிச் சொன்னார். அதில் யாரெல்லாம் இருப்பார்கள் என்று அவள் கேட்டாள். எல்லோரும், ஆனால் உன்னை எந்த இருக்கையிலும் வைத்துப் பார்த்ததில்லை என்று உண்மையைச் சொன்னார். அவளுக்குக் கோபம் வரவில்லை. இப்போது வை என்றாள். அவர் யோசித்து யோசித்து ஒவ்வொரு வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மூன்று மணிக்கு அவள் ஏறவேண்டிய பஸ் தெருமுனையில் வந்து நின்றது. கதவு திறந்தது, காத்திருந்தது, மூடிக்கொண்டு போனது. இரண்டு பேருக்கும் கேட்டது. ஆர்டீலியா எழுந்திருக்கவில்லை.

"ம், சொல்லு" என்றாள்.